கப்பலில் ஊதாத சங்கு

சங்கரா மீனை ஆய்ந்து தரச் சொல்லிவிட்டு நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். திடீரென்று சைரன் ஊதியது.

வடக்கே எல்லையில் சண்டை மூண்டிருந்த வாரம் அது. ஒத்திகை நடக்கும், சைரன் ஊதும், யாரும் பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே அறிவித்திருந்தார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை. பேப்பரில் படித்தேன். டிவியில் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் பழைய கப்பல்காரர்கள் ஆளாளுக்கு அனுப்பி என் போனை ரொப்பியிருந்தார்கள். தெரிந்து என்ன பிரயோசனம்? ஊதியதும் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டேன். தக்காளி உருண்டு சாக்கடைப் பக்கம் ஓடியது.

மீன் ஆய்கிற அம்மா அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்னா இது, மில்லு தொறந்துட்டாங்களா?"

"மில்ல மூடி எத்தினி வருஷம் ஆவுது! இது சண்ட சங்கும்மா," என்றார் பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரர்.

"சண்டைக்கு எதுக்குய்யா சங்கு? அது டிவியிலதான நடக்குது?"

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் கப்பற்படையில் இருந்தவன் என்பது அந்த மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். கொத்தமல்லி கொசுறு கேட்கும்போதுகூட அதைச் சொல்லித்தான் கேட்பேன்.

"நீங்க சொல்லுங்க பெரியவரே. இப்ப படுக்கணுமா, ஓடணுமா?"

ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து, ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கிவிட்டது. பேப்பரில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் அது ஏறுகிறதா, இறங்குகிறதா, சீராக இருக்கிறதா என்பதே எனக்குப் பிடிபடவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று "நில்லுங்க" என்றேன்.

எல்லோரும் நின்றார்கள். சைரன் ஓய்ந்த பிறகும் நின்றார்கள். நான் வேறு ஒன்றும் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் மீன்கார அம்மாதான், "போதுமா, மீன ஆயலாமா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். என் மண்டைக்குள் வேறு ஒரு குடைச்சல் ஆரம்பித்திருந்தது. நான் போருக்குப் போன கப்பலில் கேட்டதாக இத்தனை வருஷம் சொல்லிவந்த சத்தம் இதுதான். ஆனால் இதைக் கப்பலில் கேட்ட மாதிரியே தோன்றவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் எழுதியது

இந்தப் பத்திரிகையில் என் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ராமலிங்கத்தைத் தெரியும். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ராமலிங்கமும் நானும் நெல்லித்தோப்பில் ஒரே தெருக்காரர்கள். இரண்டு பேருடைய அப்பாக்களும் மில்லில் வேலை பார்த்தவர்கள். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் வாடா போடாதான். ஒன்றாகக் கப்பற்படையில் சேர்ந்து ஒரே கப்பலில் விழுந்தோம். அவன் பாய்லர் அறையில், நான் எஞ்சின் அறையில். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்தப் போர் நடந்தபோது ஒரு நாள் பகலில் பாய்லர் அறையில் நீராவிக் குழாய் வெடித்து அவன் செத்துப்போனான். எதிரி குண்டு ஒன்றும் எங்கள் மேல் விழவில்லை. குழாய் பழையது, அவ்வளவுதான்.

மூன்று வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் அவனுடைய கடைசி நிமிஷத்தை எழுதியிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், சைரன் ஊதியது, அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்தான், என்னைப் பார்த்துச் சிரித்து, "சங்கு ஊதிட்டான்டா, போயிட்டு வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை.

அந்தப் பகுதிக்கு நிறையக் கடிதம் வந்ததாக ஆசிரியர் சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடங்களில், சங்கக் கூட்டங்களில், கொடியேற்றும் நாட்களில் நான் சொல்லிச் சொல்லிப் பழக்கப்பட்ட கதை அது. எந்த இடத்தில் நிறுத்தினால் டீச்சர்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்பதுகூட எனக்கு அத்துப்படி.

சங்கு என்றால்

இளைய வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கடிகாரம் வைத்திருந்த வீடுகள் கொஞ்சம். மில் ஊதும் ஊதல்தான் எங்களுக்கு நேரம். அதைச் சைரன் என்று யாரும் சொன்னதில்லை. சங்கு. முதல் சங்குக்கு அடுப்பு எரிய வேண்டும். இரண்டாம் சங்குக்கு அப்பா சட்டைப் பித்தான் போட்டபடி தெருமுனையில் இருக்க வேண்டும். என் தங்கை பிறந்த நேரத்தை ஜோசியருக்கு "மத்தியான சங்கு ஊதி கொஞ்ச நேரத்துல" என்றுதான் எங்கம்மா சொன்னாள். அவர் அதை வைத்து ஜாதகமும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த ஊரில் பட்டாளத்திலிருந்து வந்தவன் என்றால் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு வைத்த பெயர். நான் இந்தியக் கப்பற்படைக்காரன், பிரெஞ்சில் மெர்சி என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை தெரியாது என்று ஆயுசு முழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னும் என் தெருவில் "சொல்தா வூடு எது?" என்றால் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். ஊர் ஒன்றை நினைத்துவிட்டால் அதை மாற்ற முடியாது என்று அலுத்துக்கொள்வேன். என் தலைக்குள்ளேயே அப்படி ஒன்று நடந்திருக்கும் என்று தோன்றவில்லை.

தேவராசு காது மெஷினை மாட்டிக்கொண்டான்

சைரன் ஊதியதற்கு மறுநாள் காலை வழக்கம்போல் கடற்கரைக்குப் போனேன். பழைய கப்பல்காரர்கள் நாலைந்து பேர் அங்கே சுவரில் உட்கார்ந்து உலகத்தைச் சரிசெய்வோம். அன்றைக்குச் சரிசெய்ய நிறைய இருந்தது. அடிக்கணும் என்றார் ஒருவர். அடித்தாகிவிட்டது, நீ செய்தி பார்க்கவில்லையா என்றார் இன்னொருவர். நிறுத்திவிட்டார்கள் என்று மூன்றாமவர் போனைக் காட்டினார். அதே போனில் அதற்குக் கீழேயே, இன்னும் நிறுத்தவில்லை என்றும் இருந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் போரில் இருந்தபோதும் எஞ்சின் அறையில் இருந்தவனுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாதுதான். இப்போது எல்லாவற்றையும் காட்டுகிறார்கள், ஆனாலும் தெரியவில்லை.

தேவராசு அன்று சண்டையைப் பற்றிப் பேசவே இல்லை. அவன் எங்கள் கப்பலில் சிக்னல் ஆள். கொடி, விளக்கு, மணி, ஊதல் எல்லாம் அவன் பிரிவு. இந்தப் பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான்.

"யோவ் மாணிக்கம், நம்ம கப்பல்ல எங்கய்யா சைரன் இருந்துச்சி?"

"ஏன், சண்டை நிலைக்கு, அவங்கவங்க எடத்துக்குப் போவச் சொல்லி ஊதுவாங்களே."

"மணிய்யா! விட்டு விட்டு மணி அடிப்பாங்க. ஊதல் இருந்துச்சி, இல்லன்னு சொல்லல. அது மூடுபனிக்கு. சண்ட நிலைக்கு எவன் ஊதுவான்? நான்தான மேல நின்னுகினு இருந்தேன். எனக்குத் தெரியாம எவன் ஊதனான்?"

"இவ்ளோ வருஷமா நானும் இதத்தான் சொல்லிகினு இருக்கேன். அப்பல்லாம் நீ வாயத் தொறக்கலையே?"

"கூட்டத்துல நீ பேச எழுந்தா நான் காது மெஷின கழட்டி பாக்கெட்ல வெச்சிடுவேன். இப்பதான் அச்சுல படிச்சேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து அவனைக் கண்டபடி திட்டினேன். உனக்கு வயசாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்றேன். அவன் அதற்கெல்லாம் அசரவில்லை. காது மெஷினை நன்றாக அழுத்திக்கொண்டு, "சரி, நீயே சொல்லு. மணி எப்படி அடிக்கும்?" என்றான்.

கண்ணை மூடினேன். உடனே கேட்டது. டணடண டணடண என்று அந்த மணி, இரும்புச் சுவரெல்லாம் அதிர. அதோடு எஞ்சின் சூடு, எண்ணெய் வாடை, ஏணியின் கைப்பிடி. நான் ஏணிக்குக் கீழே நிற்கிறேன். கையில் எண்ணெய்த் துணி. சோற்றுத் தட்டு இல்லை. ராமலிங்கமும் இல்லை.

மணி அடித்தபோது நான் ஏற்கெனவே எஞ்சின் அறையில் வேலையில் இருந்தேன். அன்று மத்தியானம் நான் ராமலிங்கத்தைப் பார்க்கவே இல்லை.

எங்கிருந்து வந்தது

அப்படியானால் அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது? அந்தச் சிரிப்பு? இரண்டு நாள் யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடித்துவிடும்போல் ஆகிவிட்டது. வீட்டில் என் மனைவி, "எதையாவது தேடறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "என்னத்த?" என்றாள்.

ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது. போர் முடிந்து முதல் லீவில் ஊருக்கு வந்தேன். ராமலிங்கம் மனைவி காசியம்மாள், எனக்கு அண்ணி, பிள்ளைப்பேறு முடிந்து படுத்திருந்தாள். பக்கத்தில் செல்வி, பிறந்து இருபது நாள். அண்ணி என்னைப் பார்த்ததும் அழவில்லை. "கடைசியா என்னா சொன்னாரு தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

நான் என்ன சொல்ல முடியும்? பார்க்கவில்லை அண்ணி என்று சொல்ல வாய் வரவில்லை. வாயில் வந்தது அந்தச் சங்கு வார்த்தைதான். சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்ததா? இதைத்தான் நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பத்தாவது தடவை சொன்னபோது தெரியவில்லை. ஐம்பதாவது தடவை சத்தியம் செய்திருப்பேன்.

இதோடு போயிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் செல்வி போன் செய்தாள். பால்வாடி டீச்சராக இருந்து இப்போது ஓய்வு பெறப்போகிறவள். அந்த ஞாயிற்றுக்கிழமை முன்னாள் படைவீரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்திருந்தார்கள். போரில் இறந்துபோனவர்களின் குடும்பத்தார் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"சித்தப்பா, நான் மேடையே ஏறனதில்ல. அப்பா கடைசியா சொன்னத மட்டும் சொல்லிட்டு எறங்கிடப் போறேன். நீங்க எழுதனத வெட்டி வெச்சிருக்கேன். அதுல எதுவும் தப்பில்லையே?"

"நேர்ல வரேம்மா," என்று போனை வைத்துவிட்டேன்.

தகப்பன் முகத்தைப் பார்க்காத பெண். அவள் கையில் தகப்பனுடையது என்று இருப்பது நான் கொடுத்த ஒரே ஒரு வாக்கியம். அதை அவள் ஊர் முன்னால் சொல்லப்போகிறாள். சொல்லவிட்டால் பொய். தடுத்தால் அவளுக்கு அதுவும் இல்லை.

அரியாங்குப்பம் பஸ்

சனிக்கிழமை காலையில் அரியாங்குப்பம் பஸ் ஏறினேன். ஆற்றுப்பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. ஜன்னல் வழியாகச் சேற்று வாடை வந்தது. பாலம் முடிவதற்குள் சொல்லிவிடுவது என்று மூன்று தடவையும் வேண்டாம் என்று மூன்று தடவையும் முடிவு செய்தேன். இறங்கும்போது எந்த முடிவில் இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எண்பதை நெருங்குகிறாள். முட்டி போய்விட்டது, கண்ணும் காதும் கூர்மை. செல்வி எனக்கு நாற்காலி போட்டுக் காபி கொண்டுவந்தாள். அவள் கையில் அந்தப் பத்திரிகைத் துண்டு ஒரு நோட்டில் ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தை ஸ்கேல் வைத்து வெட்டியிருக்கிறாள்.

காபியைக் குடிக்காமலே சொல்லிவிட்டேன். கப்பலில் சைரன் ஊதவில்லை, மணிதான் அடித்தது. நான் அவன் பக்கத்தில் இல்லை. சங்கு ஊதிட்டான் என்று அவன் என்னிடம் சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

செல்வி நோட்டை மூடினாள். அண்ணி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும் அண்ணி?"

"அது அவரு என்கிட்ட சொன்னது. கடைசி லீவு முடிஞ்சி நீங்க ரெண்டு பேரும் கெளம்பனீங்க. நீ பொட்டியோட வாசல்ல நின்னுகினு இருந்த. அவரு சாப்ட்டுகினு இருந்தாரு. மத்தியான சங்கு ஊதிச்சி. நான் அழுவறேன்னு, ஏதோ பக்கத்துல மில்லுக்குப் போற மாதிரி, 'சங்கு ஊதிட்டான்டி, போயிட்டு வந்துட்றேன்'னாரு. தட்ட வெச்சிட்டு எழுந்தாரு. அந்தத் தட்ட நான்தான் கழுவுனேன்."

வாசல், பெட்டியின் கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது, உள்ளே தட்டு வைக்கிற சத்தம். ஆமாம், நான் அங்கே நின்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்ததாக நான் சொல்லிவந்த சிரிப்பு எனக்கானதே இல்லை, அண்ணிக்கானது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணி. ஏன் சொல்லல?"

"நீ அழுதுகினே சொன்ன. எப்படி நிறுத்தச் சொல்றது? அப்பறம் நீ ஸ்கூலு ஸ்கூலா சொல்ல ஆரம்பிச்சிட்ட. பேப்பர்ல வேற போட்டுட்ட." கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "அது எனக்குச் சொன்னது தம்பி. நீ எடுத்துகினு போயி ஊருக்கெல்லாம் குடுத்துட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பச்சை டப்பா

செல்விதான் கேட்டாள்.

"அப்ப கப்பல்ல கடைசியா அப்பா என்னதான் சொன்னாரு சித்தப்பா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை நான் யோசித்ததே இல்லை. யோசித்தேன். அன்று காலை குளிக்கிற இடம். ராமலிங்கம் ஈரத் துண்டோடு நிற்கிறான். "என் சோப்பு டப்பாவ எவன்டா எடுத்தான்?" என்று கத்துகிறான். எடுத்தது நான்தான். விளையாட்டுக்கு. என் பெட்டியில் ஒளித்துவைத்துவிட்டுத் தெரியாதவன்போல் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

அதைச் சொன்னேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது. செத்துப்போன ஒருவனுடைய கடைசிப் பேச்சு, சோப்பு டப்பா.

அண்ணி இப்போதுதான் கீரையைக் கீழே வைத்தாள்.

"கெடச்சிதா அவருக்கு?"

"இல்ல அண்ணி. அவனுக்குக் கெடைக்கல. அவன் சாமானெல்லாம் கட்டி உங்களுக்கு அனுப்பினப்ப நான்தான் உள்ள வெச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. செல்வி பயந்துபோய், "என்னாம்மா?" என்று கிட்டே போனாள்.

"அன்னிக்கு சோப்பு போடாமயே குளிச்சிருக்காருடி," என்றாள் அண்ணி. சிரிப்பு அப்படியே அழுகையானது. செல்வி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்ததும் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னாள். "நாளைக்கு இதச் சொல்லு. கப்பல்ல சொன்னது இதுதான். சங்கச் சொல்லாத. அது என்னுது."

"சோப்பு டப்பாவையா? சிரிப்பாங்களேம்மா."

"சிரிக்கட்டும். உங்கப்பன் சிரிப்பு காட்டறவருதான்."

அப்புறம், "உள்ள ஷெல்புல இருக்குது, எடுத்துகினு வா," என்றாள். செல்வி போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தாள். மூடி ஒரு பக்கம் உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. உள்ளே ஊசி, நூல்கண்டு, ஜாக்கெட் கொக்கி. அண்ணி எல்லாவற்றையும் மடியில் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை என் கையில் கொடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனேன். துருவாடைதான் வந்தது.

"இதுதான?" என்றாள்.

டப்பா பச்சையாக இருந்தது. நல்ல கிளிப்பச்சை.

ராமலிங்கத்தின் டப்பா நீலம். அதை என் பெட்டியில் ஒளித்துவைத்தபோது என் வெள்ளைச் சட்டைமேல் அந்த நீலம் தெரிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்படியென்றால் நான் திருப்பி வைத்தது எது? இது யாருடைய டப்பா? அண்ணி எதில் ஊசி வைத்திருக்கிறாள்?

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதேதான் அண்ணி," என்றேன்.

மறுநாள் செல்வி மேடையில் சோப்பு டப்பாவைச் சொன்னாள். முதலில் சிரித்தார்கள், பிறகு மண்டபத்தில் சத்தமே இல்லை. தேவராசு அன்று மெஷினைக் கழற்றவில்லை.

அண்ணி இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை. செல்வி படிப்பாள். செல்வி, உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன் அம்மா. எனக்கு அந்த டப்பா நீலம் என்றுதான் நினைவு. ஆனால் கப்பலில் சைரன் ஊதியதாகவும் எனக்கு இப்படித்தான் நிச்சயமாக நினைவிருந்தது.